‘பெட்டிஷன் அலவ்டு’ என்று கேட்டதும் ஊருக்கு பஸ் ஏறிவிடாதீர்கள்

குடியாத்தத்தில் இருந்து ஒரு பெரியவர் வந்திருந்தார். கைலி நெய்பவர், சொந்தமாக இரண்டு தறி. திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கே எங்கள் வக்கீல் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்திருந்தார். மடியில் மஞ்சப்பை, அதற்குள் ரப்பர் பேண்டு போட்ட 2,000 ரூபாய். “காஸ்ட் பணம் கொண்டாந்துட்டேன் சார்” என்றார்.

எதிர்தரப்புக்குக் கொடுக்கச் சொல்லி கோர்ட் போட்ட செலவுத்தொகைதான் அந்தக் காஸ்ட். அதை அவர் கட்ட வேண்டிய கடைசி நாள் அதற்கு முந்தைய வியாழக்கிழமை. வெள்ளிக்கிழமை கேஸ் கூப்பிட்டபோது நான் கோர்ட்டில்தான் நின்றேன். ‘செலவுத்தொகை செலுத்தப்படவில்லை, மனு தள்ளுபடி’ என்று ஆர்டர் ஆனது. அவருக்கு மூன்று முறை போன் போட்டேன், எடுக்கவில்லை. திங்கட்கிழமை விஷயத்தைச் சொன்னதும் அவர் கேட்டது இதுதான்: “கூலி வெள்ளிக்கிழமைதான் சார் கைக்கு வந்துச்சு. ஒரு நாள்தானே? அதான் நாம ஜெயிச்சுட்டோமே?”

வேலூர் சத்துவாச்சாரியில், கலெக்டர் ஆபீஸ் பக்கத்தில் இருக்கும் கோர்ட் வளாகத்தில் 26 வருஷமாக வக்கீல் குமாஸ்தாவாக இருக்கிறேன். சட்டம் பேசுவது வக்கீல் வேலை. என் வேலை தேதி, பணம், தாள் இந்த மூன்றும்தான். ஆனால் கேஸில் நியாயம் இருந்தும் இந்த மூன்றில் ஒன்று தவறி நிலத்தையும் வீட்டையும் இழந்தவர்களைப் பார்த்துவிட்டேன். சிவில் கேஸ் நடத்துகிற யாராக இருந்தாலும் இதைப் படித்துவிட்டு உங்கள் கேஸ் கட்டுக்குள் இருக்கும் கடைசி ஆர்டரை ஒரு முறை எடுத்துப் பாருங்கள்.

பெரியவர் கேஸ் எளிமையானது. புரோநோட் தாவா, அதாவது கடன் பத்திரத்தின் பேரில் பணம் கேட்டு அவர் மேல் போட்ட வழக்கு. சம்மன் வந்தும் ஆஜராகவில்லை, எக்ஸ்பார்ட்டி டிக்ரி (அவர் இல்லாமலே ஒருதலையாகத் தீர்ப்பு) ஆகிவிட்டது. அதை ரத்து செய்ய 30 நாளுக்குள் மனு போட வேண்டும். அவர் வந்ததோ வீட்டை ஜப்தி செய்ய ஈ.பி. (டிக்ரியை நிறைவேற்றக் கேட்கும் மனு) நோட்டீஸ் வந்த பிறகு, 400 நாளுக்கு மேல் கழித்து. தாமதத்தை மன்னிக்கக் கோரி ஒரு மனு போட்டோம். கோர்ட் கருணை காட்டியது: எதிர்தரப்புக்கு 2,000 ரூபாய் செலவுத்தொகையை இன்ன தேதிக்குள் கொடுத்தால் மனு அனுமதிக்கப்படும், தவறினால் தானாகவே தள்ளுபடி ஆகும். இதற்குப் பெயர் கண்டிஷனல் ஆர்டர். இதில் ‘பெட்டிஷன் அலவ்டு’, அதாவது மனு அனுமதி என்ற பாதி மட்டும் காதில் விழுந்தால் ‘ஜெயிச்சுட்டோம்’ என்று தோன்றும். ஆனால் அந்தத் தேதி வரைக்கும் கையில் ஒன்றும் இல்லை. கோர்ட் ஒரு கதவைத் திறந்து பிடித்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

அதனால் ஆர்டர் சொன்ன அன்றைக்கே, கோர்ட் வராண்டாவிலேயே, வக்கீலிடமோ குமாஸ்தாவிடமோ நான்கு விஷயம் கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எவ்வளவு பணம்? யாரிடம் கட்ட வேண்டும்? எந்தத் தேதிக்குள்? தவறினால் எது போகும்? நான்காவது கேள்வியைத்தான் யாரும் கேட்பதில்லை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

தேதி விஷயத்தில் ஒரு பொறி இருக்கிறது. முன்சீப் கோர்ட், சப் கோர்ட்டில் பெரும்பாலும் ‘இந்தத் தேதிக்குள்’ என்று நாள் குறித்தே சொல்லிவிடுவார்கள். அப்போது கெடு ஆர்டர் சொன்ன நிமிஷத்திலேயே ஓட ஆரம்பித்துவிடும். காப்பி அப்ளிகேஷன் போட்டு, ஸ்டாம்ப் பேப்பர் கட்டி, சான்றிட்ட நகல் வருவதற்குள் கெடு முடிந்தே போயிருக்கும். ‘காப்பி கையில் வரட்டும், அப்புறம் கட்டலாம்’ என்று உட்கார்ந்து கெட்டவர்கள் நிறைய. ஹைகோர்ட் ஆர்டரில் ‘இந்த உத்தரவின் நகல் கிடைத்த நாளிலிருந்து நான்கு வாரத்துக்குள்’ என்று பல சமயம் வரும். அங்கே கணக்கு நகல் கிடைத்த நாளிலிருந்து. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரியாமல் ஒன்றை மற்றொன்றாக நினைத்துக்கொண்டால் முடிந்தது. சந்தேகம் வந்தால் எது முன்னால் வருகிறதோ அதையே கெடுவாக வைத்துக்கொள்ளுங்கள். கடைசி நாள் கோர்ட் விடுமுறையாக இருந்தால் அடுத்த வேலை நாளில் செய்தாலும் செல்லும். பொது விதிகள் சட்டத்தில் 10வது பிரிவு அதற்குத்தான் இருக்கிறது. பொங்கலுக்கும் மே மாத விடுமுறைக்கும் அது உதவும். ஆனாலும் அதை நம்பி நாள் கடத்தாதீர்கள். விடுமுறை முடிந்து கோர்ட் திறக்கும் நாளில் இருக்கும் கூட்டத்தில் உங்கள் தாள் எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது.

இனி பணம் கட்டுவது. எதிர்தரப்புக்கு என்று சொல்லியிருந்தால் அவர்களுடைய வக்கீலிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கி, அதை மெமோவாக (கோர்ட்டுக்கு எழுதிக் கொடுக்கும் சிறு குறிப்பு) கோர்ட்டில் தாக்கல் செய்ய வேண்டும். சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு என்றால் அங்கே கட்டி ரசீதைத் தாக்கல் செய்ய வேண்டும். கோர்ட்டில் டெபாசிட் என்றால்தான் வேலை நீளும். லாட்ஜ்மெண்ட் ஷெட்யூல் (டெபாசிட் விவரம் எழுதும் படிவம்) எழுதிப் போட வேண்டும், கோர்ட்டில் அதைச் சரிபார்த்து சலான் தர வேண்டும், அந்தச் சலானோடு பேங்கில் கட்ட வேண்டும், கட்டிய சலானை மறுபடி கோர்ட்டில் மெமோவோடு சேர்க்க வேண்டும். நம்பரில் ஒரு எழுத்து தவறினாலும் திரும்பி வரும். ஒரே நாளில் முடியும் என்று நான் யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை. கெடுவுக்கு நான்கு வேலை நாள் முன்னால் பணத்தோடு வாருங்கள்.

மெமோ ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை நான் கற்றுக்கொண்டது என் தவறால். வேலைக்குச் சேர்ந்து இரண்டு மூன்று வருஷம் இருக்கும். ஒரு அம்மா, பள்ளிகொண்டா பக்கம், பாகப்பிரிவினை கேஸ். 1,500 ரூபாய் காஸ்ட், அன்றைக்குத்தான் கடைசி நாள். பணத்தை என் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எதிர்தரப்பு வக்கீலைத் தேடினேன். அவர் அன்று சென்னைக்குப் போயிருந்தார். அவருடைய ஜூனியர், “சார் சொல்லாம வாங்க மாட்டேன்” என்றார். சாயங்காலம் வரை வராண்டாவில் சுற்றிவிட்டு, நாளைக்குக் கொடுத்துக்கொள்ளலாம் என்று வீட்டுக்குப் போய்விட்டேன். மறுநாள் மனு தள்ளுபடி. பணம் இருந்தது, கொடுக்க நானும் போயிருந்தேன், ஆனால் கோர்ட்டின் கேஸ் கட்டுக்குள் அதற்கு ஒரு தாள் இல்லை. அந்த அம்மாவிடம் அதைச் சொன்ன அன்றைய சாயங்காலம் இன்னும் எனக்கு மறக்கவில்லை. அதைச் சரிசெய்ய அவர்களுக்கு ஒன்றரை வருஷம் ஆனது.

எதிர்தரப்பு வக்கீல் இல்லை, அல்லது வாங்க மறுக்கிறார் என்றால் என்ன செய்ய வேண்டும்? காஸ்ட்டை வாங்கிவிட்டால் அந்த ஆர்டரை எதிர்த்து மேலே போக முடியாமல் போய்விடுமோ என்று சிலர் யோசிப்பார்கள், அதனால் மறுப்பார்கள். அது அவர்கள் உரிமை. நீங்கள் அன்றைக்கே, ‘பணம் கொடுக்க முன்வந்தோம், பெற்றுக்கொள்ளவில்லை, கோர்ட்டில் டெபாசிட் செய்ய அனுமதி வேண்டும்’ என்று மெமோ போட்டுவிடுங்கள். தேதி முத்திரை விழுந்த அந்த ஒரு தாள் இருந்தால் உங்கள் மேல் தவறு இல்லை என்று காட்டலாம். பெற்றுக்கொள்கிறவர் ‘ஆட்சேபணையுடன் பெற்றேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாலும் கவலை வேண்டாம், உங்கள் கண்டிஷன் நிறைவேறிவிட்டது.

சரி, நான்காவது கேள்வி. தவறினால் எது போகும்? எல்லா கண்டிஷனும் ஒரே மாதிரி வெட்டாது. எது வெட்டுப்படும் என்று தெரிந்தால்தான் எதற்காகக் கடன் வாங்கியாவது கட்ட வேண்டும், எதற்கு நேரம் கேட்கலாம் என்று முடிவு செய்ய முடியும்.

பெரியவருடையதுபோல தாமத மன்னிப்பு மனுவில் தவறினால், அந்த மனு போகும், அதன் பின்னால் இருக்கும் ரத்து மனுவுக்கு நம்பரே விழாது, அதாவது கோர்ட் அதை எடுத்துக்கொள்ளவே செய்யாது, எக்ஸ்பார்ட்டி டிக்ரி அப்படியே நிற்கும், ஈ.பி.யில் ஜப்தி செய்ய அமீனா (கோர்ட் ஊழியர்) வருவார். வெளியில் 2,000 ரூபாய் விஷயமாகத் தெரிவது உள்ளே வீட்டையே பிடித்துக்கொண்டிருக்கிறது.

தாவா போடும்போது கோர்ட் ஃபீஸ் குறைவாக இருந்து, மீதியைக் கட்ட கோர்ட் நாள் கொடுத்துத் தவறினால், பிராது (தாவாவைத் தொடங்கும் மனு) நிராகரிக்கப்படும். சிவில் நடைமுறைச் சட்டம், 7வது ஆணை, 11வது விதி.

வாய்தா வாங்கி வாங்கி இழுத்ததற்காகப் போடும் காஸ்ட் வேறு வகை. அது அதே சட்டத்தின் 35பி பிரிவு. அடுத்த வாய்தாவில் கட்டாவிட்டால், வாதியானால் மேற்கொண்டு கேஸ் நடத்த முடியாது, பிரதிவாதியானால் எதிர்வாதம் செய்ய முடியாது. ஆனால் அதற்காக மட்டும் தாவாவையே தள்ளுபடி செய்ய முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2009இல் சொல்லியிருக்கிறது. வாயைக் கட்டிவிடுவார்கள், ஆளைக் கொல்ல மாட்டார்கள். ஆனால் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய முடியாமல் உட்கார்ந்திருந்தால் முடிவு எப்படி வரும் என்று உங்களுக்கே தெரியும்.

அப்பீலில் பலர் ஏமாறுகிறார்கள். அப்பீல் போட்டாலே ஸ்டே (டிக்ரியை நிறுத்திவைக்கும் உத்தரவு) ஆகிவிட்டது என்று நினைக்கிறார்கள். ஆகாது. ஸ்டேக்குத் தனியாக மனு போட வேண்டும், பண டிக்ரியானால் கோர்ட் பாதியையோ முழுவதையோ டெபாசிட் செய்யச் சொல்லும். அந்தக் கெடு தவறினால் ஸ்டே போகும், அப்பீல் இருக்கும். இதைத் தெரிந்துகொள்ளாமல் ‘எல்லாம் போச்சு’ என்று அப்பீலையும் கவனிக்காமல் விட்டவர் ஒருவர் எனக்குத் தெரியும். அவருக்கு அப்பீலில் நல்ல பாயிண்ட் இருந்தது. பணம் புரட்ட முடியாவிட்டால் ஈ.பி.யை அங்கே சமாளித்துக்கொண்டு, அப்பீலை இங்கே நடத்துங்கள்.

செக், புரோநோட் போன்றவற்றின் பேரில் பணம் கேட்டுப் போடும் சுருக்க விசாரணைத் தாவாவில், 37வது ஆணையின் கீழ், பணம் கட்டினால் எதிர்வாதம் செய்யலாம் என்று அனுமதி கொடுத்து அதில் தவறினால், வாதி கையோடு தீர்ப்பு வாங்கிவிடலாம். வியாபாரிகள் இதைக் கவனிக்க வேண்டும்.

நிலம் வாங்க அக்ரிமெண்ட் போட்டு, கிரயம் செய்து தரச் சொல்லித் தாவா ஜெயித்தவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டும். எங்கள் பக்கம் இந்தக் கேஸ் அதிகம். தீர்ப்பில் ‘மீதிப் பணத்தை இரண்டு மாதத்துக்குள் கோர்ட்டில் கட்ட வேண்டும்’ என்று இருக்கும். அணைக்கட்டு பக்கத்துக்காரர் ஒருவர், எட்டு லட்சம் பாக்கி, ரிஜிஸ்டர் ஆபீஸில் கையெழுத்துப் போடும் அன்று கொடுத்தால் போதும் என்று பேங்கில் வைத்திருந்தார். விற்றவர் தரப்பு காத்திருந்து, கெடு முடிந்ததும் குறிப்பிட்ட பரிகாரச் சட்டம் 28வது பிரிவில் ஒப்பந்தத்தையே ரத்து செய்யக் கோரி மனு போட்டது. பத்து வருஷம் நடத்தி ஜெயித்த கேஸ். நல்ல வேளையாக அதே பிரிவில் நேரம் நீட்டிக்கவும் கோர்ட்டுக்கு அதிகாரம் இருக்கிறது. கெடு நாளில் அவர் கணக்கில் பணம் இருந்ததற்கு பாஸ்புக்கைக் காட்டினோம். தாமதம் 19 நாள். வட்டியோடு கட்டச் சொல்லி கோர்ட் விட்டது. பாஸ்புக் இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

நேரமே கேட்க முடியாத இடமும் உண்டு. கோர்ட் ஏலத்தில் சொத்து எடுத்தால், ஏலம் முடிந்த உடனே 25 சதவீதம், ஏல நாளிலிருந்து 15வது நாள் கோர்ட் மூடுவதற்குள் மீதி முழுவதும் கட்ட வேண்டும். இந்தக் கெடுவை நீட்டிக்க கோர்ட்டுக்கே அதிகாரம் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 1954லேயே தீர்த்துவிட்டது. தவறினால் மறு ஏலம், கட்டிய பணமும் பறிபோகலாம். லோன் வரும் என்ற நம்பிக்கையில் ஏலம் கேட்காதீர்கள்.

தடையுத்தரவு வாங்கியவர்களுக்கும் ஒரு கண்டிஷன் உண்டு. எதிர்தரப்பைக் கேட்காமல் கோர்ட் இடைக்காலத் தடை கொடுத்தால், மனு, பிரமாணப் பத்திரம், பிராது, ஆவண நகல் எல்லாவற்றையும் உடனே ரிஜிஸ்டர் தபாலில் எதிர்தரப்புக்கு அனுப்பி, அனுப்பியதற்குப் பிரமாணப் பத்திரத்தை அன்றோ மறுநாளோ தாக்கல் செய்ய வேண்டும். வரப்புத் தகராறில் தடை வாங்கிய சந்தோஷத்தில் தபாலை மறந்தால், எதிர்தரப்பு வந்து தடையை எடுக்கச் சொல்ல நீங்களே காரணம் கொடுத்ததாக ஆகும். தடையுத்தரவு உங்கள் மேல் இருந்து, அதை மீறினால், சொத்து ஜப்தி, மூன்று மாதம் வரை சிவில் சிறை.

இனி, பணம் புரளவில்லை, ஆஸ்பத்திரியில் இருக்கிறீர்கள், கெடுவுக்குள் முடியாது என்று தெரிந்துவிட்டால்? கெடு முடிவதற்குள் வாருங்கள். ஒரு நாள் முன்னால் வந்தாலும் போதும். சிவில் நடைமுறைச் சட்டம் 148வது பிரிவில் கால நீட்டிப்பு மனு போட்டுவிட்டால் உங்கள் நிலைமையே வேறு. 1961இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த மகந்த் ராம்தாஸ் வழக்கில் இதுதான் நடந்தது: கோர்ட் ஃபீஸ் கட்ட கெடு, கெடுவுக்குள் நீட்டிப்பு மனு போட்டார், மனு விசாரணைக்கு வந்ததோ கெடு முடிந்த பிறகு. இனி எங்களுக்கு அதிகாரம் இல்லை என்று ஹைகோர்ட் கைவிரித்தது. அது தவறு, கோர்ட் நேரம் கொடுக்கலாம் என்றது உச்ச நீதிமன்றம். 2002 முதல் 148வது பிரிவில் மொத்தம் 30 நாள்தான் நீட்டிக்கலாம் என்று திருத்தம் வந்தது. நம்ம சேலம் வக்கீல் சங்கம் போட்ட வழக்கில் 2005இல் உச்ச நீதிமன்றம், கட்சிக்காரர் கையை மீறிய காரணம் இருந்தால் அந்த 30 நாளைத் தாண்டியும் கொடுக்கலாம் என்று விளக்கியது.

காரணம் என்றால் வெறும் வாய்ச்சொல் போதாது. ‘உடம்பு சரியில்லை’ என்று எழுதிய நூறு பிரமாணப் பத்திரங்களை ஜட்ஜ் பார்த்திருப்பார். சி.எம்.சி. ஆஸ்பத்திரியிலோ அடுக்கம்பாறை அரசு ஆஸ்பத்திரியிலோ அட்மிட் ஆகியிருந்தால் டிஸ்சார்ஜ் சம்மரி கொண்டுவாருங்கள். பணம் வர வேண்டியது தாமதம் என்றால் பாஸ்புக் எண்ட்ரி. பாதிப் பணம் இருந்தால் அந்தப் பாதியைக் கட்ட அனுமதி கேளுங்கள். மனசு இருக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

கெடு தாண்டியே விட்டால், தெரிந்த அன்றைக்கே வாருங்கள், முழுப் பணத்தோடு. அதே கோர்ட்டில் 148, 151 பிரிவுகளில் மனு போட்டுப் பார்க்கலாம். மறுத்தால் ஹைகோர்ட்டில் சிவில் ரிவிஷன் (சீராய்வு மனு), அல்லது ஆர்டரின் தன்மையைப் பொறுத்து அப்பீல். எது என்று வக்கீல் சொல்வார். மூன்று நாள் தாமதத்துக்கு மூன்று நாளில் வந்தவருக்குக் கிடைக்கும் இரக்கம், மூன்று மாதம் கழித்து வந்தவருக்குக் கிடைக்காது.

வக்கீல் சொல்லவில்லை என்ற குறையும் அடிக்கடி கேட்கிறேன். எங்கள் பக்கமும் தவறு நடக்கும், நானே செய்திருக்கிறேன். அதனால் உங்கள் கேஸின் 16 இலக்க சி.என்.ஆர். நம்பரை (ஒவ்வொரு கேஸுக்கும் உள்ள தனி அடையாள எண்) வாங்கி, போனில் இ-கோர்ட்ஸ் ஆப்பில் போட்டுவையுங்கள். அடுத்த வாய்தாவும் அன்று என்ன நடந்தது என்பதும் அதில் வரும். போன் தெரியாவிட்டால் படிக்கிற பிள்ளையிடம் கொடுங்கள். போன் நம்பர் மாறினால் முதலில் வக்கீல் ஆபீஸுக்குச் சொல்லுங்கள். வக்கீல் வைக்க வசதி இல்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வக்கீல் கிடைப்பார்; பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானக் கணக்கே இல்லை. 15100க்குப் போன் செய்தாலும் வழி சொல்வார்கள்.

கைலிப் பெரியவர் விஷயம்: திங்கட்கிழமையே மனு எழுதினோம். வெள்ளிக்கிழமை கூலி வரவான பாஸ்புக் பக்கத்தை வைத்தோம். கோர்ட் ஏற்கவில்லை. காட்பாடியில் ரயில் ஏறி ஹைகோர்ட்டுக்குப் போனோம். அங்கே ரிவிஷனில் கிடைத்தது, ஆனால் இந்த முறை காஸ்ட் 5,000, அதோடு டிக்ரி தொகையில் ஒரு பகுதி டெபாசிட், நகல் கிடைத்ததிலிருந்து நான்கு வாரம். மனைவியின் கம்மலை அடகு வைத்துப் புரட்டினார். பத்தாம் நாளே வந்துவிட்டார், அதே மஞ்சப்பை, பணத்தோடு தினசரி காலண்டரில் கிழித்த ஒரு தாள், கெடு தேதித் தாள். “இதைச் சுவத்துல ஒட்டி வெச்சிருந்தேன் சார்” என்றார். சலான் கட்டி, மெமோவில் முத்திரை விழும் வரை பக்கத்திலேயே நின்றார். அந்த முத்திரை விழுந்த நகலை ஒரு முறை தடவிப் பார்த்து, நான்காக மடித்து, பைக்குள் வைத்துக்கொண்டு, “இப்போ பஸ் ஏறலாமா?” என்று கேட்டார். ஏறுங்கள் என்றேன். தாவா இப்போது விசாரணையில் இருக்கிறது, அடுத்த வாய்தாவுக்கு அவர்தான் சாட்சிக் கூண்டில் ஏற வேண்டும்.